விளையாட்டுக்கு ஒரு சாவி, வீட்டுக்கு வேறு சாவி



இந்தக் கிழமை எபிசோட்டில் மொட் போட்ட விளையாட்டுகளைப் பற்றிக் கதைத்தோம். கதைக்கக் கதைக்க நேரம் போய்விட்டது. கடைசியில் செய்முறைப் பகுதி முழுவதையும் "அதைக் கடிதத்திலை எழுதுறன்" என்று சொல்லித் தள்ளி வைத்தேன். இதுதான் அந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் வாசித்து முடிக்கும்போது உங்கள் கணினியில் செய்து பார்க்க ஆறேழு வேலை கையில் இருக்கும். ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. எபிசோட்டில் இதை நான் சொல்லவில்லை. தம்பியிடம் கேட்டு, அவன் "சரி, எழுது" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி மறைத்த இரண்டு நாள்

தம்பிக்குப் பதினாலு வயது. அவனும் நாலைந்து பெடியளும் சேர்ந்து மைன்கிராஃப்டில் லாச்சப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நம்பர் மெட்ரோ ஓடுகிற மேம்பாலம், அதுக்குக் கீழே ஃபோபூர் சென் துனி வீதி, நகைக்கடை, மரக்கறிக்கடை, சீலைக்கடை, ரூ பஜோலில் பிள்ளையார் கோயில், வீதிக்கு வருகிற தேர், எல்லாம் கட்டிகட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றரை வருட வேலை. தெருவிளக்குக்கு ஒரு மொட், தளபாடத்துக்கு ஒரு மொட், ரயிலுக்கு ஒரு மொட் என்று நாற்பதுக்கு மேல் போட்டிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் அவனுக்குத் தெரிந்த கூட்டாளி. "நான் ஒரு மொட் செய்திருக்கிறன். ஒருக்கா போட்டுப் பாத்துச் சொல்லடா." கூடவே ஒரு ஸிப் கோப்பு, அதைத் திறக்க ஒரு கடவுச்சொல். தம்பி திறந்தான், இரண்டு தரம் கிளிக் பண்ணினான். கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. "வேலை செய்யேல்லைப் போல" என்று மூடிவிட்டுப் படுத்துவிட்டான்.

விடிய எழும்பிப் பார்த்தால், அதே செய்தி இப்போது அவனுடைய பெயரில் அவனுடைய கூட்டாளிமார் எல்லாருக்கும் போயிருந்தது. அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அப்பா ஏசுவார், கணினியைப் பறித்து வைப்பார் என்று பயம். சனி முழுக்கப் பேசாமல் இருந்தான். ஞாயிறு இரவு அம்மாவின் மின்னஞ்சல் திறபடவில்லை. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். நான் கேட்டபோதுதான் அழுதுகொண்டு சொன்னான்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணினி. ஒரே ஒரு விண்டோஸ் கணக்கு. குரோமைத் திறந்தால் அம்மாவின் மின்னஞ்சல், அப்பாவின் வங்கி, காஃப், வரி, பிரெபெக்சர், எல்லாம் உள்ளே நுழைந்தபடியே இருக்கும். டெஸ்க்டொப்பில் "அப்பா பேப்பர்" என்று ஒரு ஃபோல்டர். அதில் கடவுச்சீட்டு, விசாக் காட், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம், எல்லாத்தின் பிரதியும் இருந்தது. ஸ்கேன் பண்ணிப் போட்டவன் நான்தான். கடவுச்சொல்லை எல்லாம் "சேமிக்கவா?" என்று குரோம் கேட்டபோது "ஓம்" என்று அழுத்தியவனும் நான்தான்.

உங்களில் கனபேருக்கு இது தெரிந்த கதை. பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்வதும், படிவம் நிரப்புவதும் நாங்கள்தானே. அதனால் எங்கள் வீடுகளில் விளையாடுகிற கணினியும் வீட்டுப் பேப்பர் அலுமாரியும் ஒன்றுதான்.

அந்த மாதம் அப்பாவின் காட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். பதில் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். கணக்கை மீட்க ஒன்பது நாள் எடுத்தது. திரும்பத் திறந்து பார்த்தபோது இன்னொரு பத்திரம் கேட்டு ஒரு செய்தி கிடந்தது. தவணை முடிய இரண்டு நாள் மிச்சம். ஓடித் திரிந்து அனுப்பிவிட்டோம். இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்பவும் யோசிப்பதுண்டு.

பிழை தம்பியில் பாதி, என்னில் பாதி. அவன் கோப்பைத் திறந்தான். திறந்த கோப்புக்கு எட்டுகிற இடத்தில் வீட்டுப் பேப்பர் எல்லாவற்றையும் வைத்தது நான்.

மொட் என்பது படமா, நிரலா?

பெடியளிடம் கேட்டால் மொட் என்பது விளையாட்டுக்கு "சேர்க்கிற சாமான்" என்பார்கள். புது வாள், புது மிருகம், புது வீடு. பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஃபோர்ஜ், ஃபப்ரிக் போன்ற லோடர்களுடன் போடுகிற மொட் ஒவ்வொன்றும் ஒரு ஜார் கோப்பு. ஜார் என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். அதற்குள் படங்கள் இருக்கும், ஒலிகள் இருக்கும், கூடவே ஜாவா நிரலும் இருக்கும். விளையாட்டு தொடங்கும்போது அந்த நிரல் ஓடும்.

அது எந்த அதிகாரத்தில் ஓடும் என்பதுதான் முக்கியம். விளையாட்டைத் திறந்தது நீங்கள். ஆகவே மொட்டும் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தில் ஓடும். நீங்கள் திறக்கக்கூடிய ஃபோல்டர் எல்லாவற்றையும் அதுவும் திறக்கலாம். நீங்கள் அனுப்பக்கூடிய இடத்துக்கு அதுவும் அனுப்பலாம். அறைக்கு வர்ணம் பூச வந்தவனிடம் முழு வீட்டுச் சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவது மாதிரி. வந்தவன் நல்லவன் என்றால் பிரச்சினை இல்லை. கனபேர் நல்லவர்கள்தான். ஆனால் வீடு பிழைப்பது அவனுடைய நல்ல மனதில்தான்.

எல்லாச் சேர்க்கையும் இப்படி ஆபத்தானது இல்லை. ரிசோர்ஸ் பக் என்பது பெரும்பாலும் படமும் ஒலியும். டேட்டா பக் என்பது விளையாட்டுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகிற கட்டளைகள். இவை ஸிப் ஆக வரும், ஜாவா நிரல் இருக்காது. "ரிசோர்ஸ் பக்" என்று சொல்லி யாராவது எக்ஸ்ஈ கோப்பு தந்தால், அதைத் திறக்கவே தேவையில்லை. பொய் என்று தெரிந்துவிட்டது.

2023 ஜூனில் நடந்தது

"கண்ட இடத்திலை எடுத்தால்தானே பிரச்சினை? நான் பேர்போன தளத்திலைதான் எடுக்கிறனான்." எபிசோட் முடிந்ததும் வந்த முதல் கேள்வி இதுதான். நல்ல கேள்வி. அதுக்குப் பதில் 2023 ஜூனில் இருக்கிறது.

அந்த மாதத் தொடக்கத்தில் கேர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் என்ற இரண்டு பெரிய மைன்கிராஃப்ட் தளங்களில் இருந்த பல மொட்களுக்குள்ளும் பிளகின்களுக்குள்ளும் ஒரு தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஏற்றிய கணக்குகளில் ஒன்றின் பெயரை வைத்து அதை "ஃபிரக்சரைசர்" என்று அழைத்தார்கள். சில மொட்கள் புதிதாக ஏற்றப்பட்டவை. வேறு சில, நல்ல பெயர் உள்ள ஆட்களின் கணக்குகளிலிருந்து வந்தவை. பெட்டர் மைன்கிராஃப்ட் என்ற மொட்பக் அப்போது நாலரை மில்லியனுக்கு மேல் தரவிறக்கப்பட்டிருந்தது. அதைச் செய்த லூனா பிக்சல் ஸ்டூடியோஸ் குழுவில் ஒருவர் ஒரு புது மொட்டைச் சோதித்துப் பார்க்கப் போய், அவருடைய கணினி மாட்டி, அதன் வழியாகக் குழுவின் கணக்கும் போனது. மொட் செய்கிறவரே இன்னொரு மொட்டால் பிடிபட்டார்.

அது வேலை செய்த விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: மொட்டின் பிரதான வகுப்புக்குள் ஒளித்து வைத்த சில வரி நிரல். மொட் ஏறும்போதே இது ஓடி, வெளியே ஒரு சேவரிலிருந்து அடுத்த கோப்பை இறக்கும்.

இரண்டாம் படி: அந்தக் கோப்பு கணினியில் குடியேறும். விண்டோஸில் "மைக்ரோசொஃப்ட் எட்ஜ்" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் போய் இருந்தது. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உண்மையான எட்ஜ், "மைக்ரோசொஃப்ட்" என்ற ஃபோல்டருக்குள்ளே "எட்ஜ்" என்ற இன்னொரு ஃபோல்டரில்தான் இருக்கும். ஒரு ஃபோல்டர் வித்தியாசம், அவ்வளவுதான். லினக்ஸிலும் இதே மாதிரி ஒரு மறைவிடம் வைத்திருந்தது. கணினியைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் தானாகத் தொடங்கும்படியும் செய்துகொண்டது.

கடைசிப் படி: பிரவுசரில் உள்ள குக்கிகளும் சேமித்த கடவுச்சொற்களும் திருட்டுப் போகும். டிஸ்கோட், மைக்ரோசொஃப்ட், மைன்கிராஃப்ட் உள்நுழைவுகளும் போகும். கிரிப்டோ முகவரியை நீங்கள் கொப்பி பண்ணினால், ஒட்டும்போது திருடனுடைய முகவரியாக மாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியில் கிடக்கிற மற்ற ஜார் கோப்புகளுக்குள்ளும் தன்னையே புகுத்த முயலும். அப்போது பழைய நல்ல மொட்டும் கெட்டுவிடும். அதை நீங்கள் கூட்டாளிக்கு அனுப்பினால் அவன் வீட்டுக்கும் போகும்.

இதைக் கண்டுபிடித்து நிறுத்தியதில் பெரிய பங்கு மொட் செய்கிற ஆட்களுக்கே உரியது. இராப்பகலாக இருந்து தீநிரலைப் பிரித்து வாசித்து, அது எங்கே ஒளிகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நீக்குவது என்று எல்லாருக்கும் எழுதி வெளியிட்டார்கள். கேர்ஸ்ஃபோர்ஜும் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. மொட் சமூகம் என்றால் திருடர் கூட்டம் என்று அப்பா அம்மா நினைத்தால், இந்தக் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கோ.

மைன்கிராஃப்ட் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2015 மே மாதத்தில் ஜிடிஏ 5 விளையாட்டுக்கு வந்த "ஆங்கிரி பிளேன்ஸ்", "நோகிளிப்" என்ற மொட்களுக்குள் தீநிரல் இருந்தது பிடிபட்டது. 2023 டிசம்பர் 25, நத்தார் அன்று, "ஸ்லே த ஸ்பயர்" விளையாட்டுக்கான "டவுன்ஃபோல்" என்ற புகழ்பெற்ற மொட்டின் தனிப் பதிப்பு ஸ்டீமிலேயே கெட்டுப்போனது. செய்தவர்களின் கணக்கைக் கைப்பற்றி, கெட்ட பதிப்பை ஏற்றிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் அது அங்கே இருந்தது. அந்த நேரத்தில் திறந்தவர்களின் கடவுச்சொல், குக்கி எல்லாம் குறிவைக்கப்பட்டன.

லாச்சப்பல் மெட்ரோ வாசலில் பையில் வைத்துச் சிகரெட் விற்கிறவனிடம் வாங்கக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். கடையில், சீல் வைத்த பெட்டியில் வாங்குவோம். அது சரியான பழக்கம்தான். ஆனால் சில வேளை கடைக்கு வருகிற லொறியிலேயே பெட்டியை மாற்றிவிடுகிறார்கள். ஆகவே நல்ல கடையில் வாங்குவது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. வாங்கின சாமான் கெட்டிருந்தாலும் வீடு போகாதபடி செய்வது எப்படி? அதுதான் பாடம்.

ஏன் இரண்டாம் பூட்டு காப்பாற்றவில்லை?

இன்னொரு கேள்வி: "அம்மாவின் மின்னஞ்சலுக்குக் கைபேசிக்குக் குறியீடு வாற மாதிரித்தானே வைச்சிருந்தனீங்கள்? பிறகு எப்பிடிப் போனது?"

குக்கி என்றால் என்ன என்று விளங்கினால் இது விளங்கும். ஒரு தளத்தில் கடவுச்சொல்லும் குறியீடும் கொடுத்து உள்ளே போனதும், தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு சீட்டு தருகிறது. "இவரைச் சோதித்தாயிற்று, உள்ளே விடலாம்" என்ற சீட்டு. அடுத்த தரம் போகும்போது கடவுச்சொல் கேட்காததற்குக் காரணம் அந்தச் சீட்டுத்தான். திருடன் அதைக் கொப்பி பண்ணி எடுத்துக்கொண்டு போனால், அவனும் சோதனை முடிந்த ஆளாக உள்ளே போவான். குறியீடு கேட்கிற கட்டம் அவனுக்கு வராமலே போகலாம்.

பிரவுசர் இந்தச் சீட்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. அதே கணக்கில் ஓடுகிற நிரலுக்கு அதைத் திறக்க வழி கிடைத்துவிடும். தம்பி கிளிக் பண்ணிய கோப்பு அம்மாவின் சீட்டை எடுத்ததற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே கணக்கில் இருந்ததுதான்.

செய்ய வேண்டிய ஏழு வேலை

1. விளையாட்டுக்குத் தனி விண்டோஸ் கணக்கு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கோ. விண்டோஸ் அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதியில் இன்னொரு பயனரைச் சேர்க்கலாம். அது சாதாரணக் கணக்காக இருக்க வேண்டும், நிர்வாகிக் கணக்காக இருக்கக்கூடாது. விளையாட்டு, மொட், அரட்டை எல்லாம் அங்கே. வங்கி, மின்னஞ்சல், வீட்டுப் பேப்பர் எல்லாம் மற்றக் கணக்கில். சாதாரணக் கணக்கில் ஓடுகிற நிரல் மற்றவருடைய பயனர் ஃபோல்டரை வாசிக்க முடியாது. இரண்டு கவனம்: நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அது விளையாடுகிற ஆளுக்குத் தெரியக்கூடாது. பேப்பர்களை டி டிரைவ் போன்ற பொது இடத்தில் வைக்கக்கூடாது, அங்கே எல்லாருக்கும் எட்டும்.

2. விளையாட்டுக் கணக்கின் பிரவுசரில் வீட்டுக் கணக்குகளைத் திறக்க வேண்டாம். "ஒரு நிமிசம்தானே" என்று அம்மாவின் மின்னஞ்சலை அங்கே திறந்தால், சீட்டு அங்கே தங்கிவிடும். பிறகு முதலாம் வேலை செய்தும் பயனில்லை.

3. கோப்பின் முழுப் பெயரைப் பாருங்கோ. விண்டோஸ் கோப்பின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருக்கும். கோப்பு ஜன்னலில் "பார்வை" பட்டியலுக்குள் போய், கோப்புப் பெயரின் நீட்சியைக் காட்டச் சொல்லுங்கோ. அப்போது ஜார் போலத் தெரிந்தது உண்மையில் "ஜார் புள்ளி எக்ஸ்ஈ" என்று வெளிச்சத்துக்கு வரும். மைன்கிராஃப்ட் மொட் எக்ஸ்ஈ ஆக வரத் தேவையில்லை.

4. அரட்டையில் வந்த கோப்பைத் திறக்க வேண்டாம், கூட்டாளி அனுப்பியிருந்தாலும். முதலில் அவனுக்கு ஒரு கோல் எடுங்கோ. "நீ தானே அனுப்பினனி?" ஒரு கேள்வி, பத்து விநாடி. தம்பி அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கடவுச்சொல் போட்ட ஸிப் வந்தால் இன்னும் கவனம். பூட்டின பொதிக்குள்ளே வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பூட்டி அனுப்புகிறார்கள்.

5. புதுப் பதிப்பு வந்த அன்றே ஓடிப்போய் எடுக்க வேண்டாம். ஒரு கிழமை பொறுங்கோ. டவுன்ஃபோல் கதையில் மாட்டியவர்கள் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் திறந்தவர்கள். மொட்பக்கின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்தி வைக்கலாம். ஆனால் இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

6. வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் கோப்பைச் சோதியுங்கோ. பல வைரஸ் தடுப்புகள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். சிவப்பு நிறையக் காட்டினால் விட்டுவிடுங்கோ. எல்லாம் பச்சை என்றாலும் "நல்லது" என்று அர்த்தம் இல்லை. "இதுவரை யாருக்கும் தெரியாது" என்றுதான் அர்த்தம். புதிதாகச் செய்த தீநிரல் முதல் நாட்களில் பச்சையாகத்தான் தெரியும்.

7. உலகத்துக்குப் பிரதி எடுங்கோ. மாதத்துக்கு ஒரு தரம் உலகங்கள் இருக்கிற ஃபோல்டரை மட்டும் ஒரு பென்டிரைவில் கொப்பி பண்ணி, கழற்றி லாச்சியில் வையுங்கோ. மொட் ஃபோல்டரைக் கொப்பி பண்ணத் தேவையில்லை. மொட்டை எப்பவும் திரும்ப இறக்கலாம். ஒன்றரை வருடம் கட்டின லாச்சப்பலை இறக்க முடியாது.

இப்போது அந்த விதிவிலக்கு. எல்லா ஆபத்தும் கெட்ட மொட்டால் வருவதில்லை. நல்ல நிரலில் ஓட்டை இருந்தாலும் ஆபத்துத்தான். 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது, லொக்4ஷெல் என்பார்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பும் அந்த நூலகத்தைப் பாவித்தது. அரட்டையில் ஒரு குறிப்பிட்ட வரியை எழுதினாலே சேவரையும் விளையாடுகிறவர்களின் கணினியையும் தாக்க முடிந்தது. டிசம்பர் 10 அன்றே 1.18.1 பதிப்பு திருத்தத்தோடு வந்தது. பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் வந்தது. ஆனால் மொட் போட்ட பதிப்புகளும் வேறு ஆட்கள் செய்த லோஞ்சர்களும் தானாகத் திருந்தும் என்று நம்ப முடியாது. 2023 ஜூலையில் பிளீடிங்பைப் என்று இன்னொன்று வந்தது. அது 1.7.10, 1.12.2 போன்ற பழைய ஃபோர்ஜ் பதிப்புகளில் ஓடுகிற பல மொட்களில் இருந்த ஓட்டை. பழைய பதிப்பில் நல்ல மொட் நிறைய இருப்பதால் பெடியள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஓட்டையும் கூடவே நின்றுவிடுகிறது. ஆகவே புது வசதி என்றால் பொறுங்கோ; பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே எடுங்கோ. பாவிக்காத மொட்டைக் கழற்றியும் விடுங்கோ. நாற்பதில் பத்தையாவது நீங்கள் மறந்திருப்பீர்கள்.

மாட்டிவிட்டால்?

வரிசை முக்கியம். எங்கள் வீட்டில் பிழைத்ததே வரிசைதான். நாங்கள் முதலில் அதே கணினியில் இருந்து கடவுச்சொல்லை மாற்றப் போனோம். திருடன் உள்ளே இருக்கும்போது புதுச் சாவியை அவன் கண்ணுக்கு முன்னால் வெட்டின மாதிரி.

முதலில் கணினியின் வைஃபையை நிறுத்துங்கோ, கேபிள் இருந்தால் கழற்றுங்கோ.

பிறகு வேறு ஒரு சாதனத்தை எடுங்கோ, கைபேசி போதும். மின்னஞ்சலில் தொடங்குங்கோ, ஏனென்றால் மற்றக் கணக்குகளை மீட்கிற வழி எல்லாம் மின்னஞ்சலுக்குள்ளேதான் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கோ. இரண்டாவதை மறக்க வேண்டாம். திருடப்பட்ட சீட்டைச் செல்லாமல் ஆக்குவது அதுதான்.

அடுத்து வங்கி. கார்ட் எண்ணோ வங்கிக் கடவுச்சொல்லோ பிரவுசரில் சேமித்திருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கோ. அதன் பிறகு அரட்டை, விளையாட்டுக் கணக்குகள், வீட்டு நிர்வாகக் கணக்குகள்.

கூட்டாளிமாருக்குச் சொல்லுங்கோ: "என்ரை பேரிலை வந்த கோப்பைத் திறக்காதேங்கோ." வெட்கப்பட நேரமில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் இன்னொரு வீடு.

கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கோ. உலகங்கள், படங்கள், பேப்பர்களை மட்டும் எடுத்து வையுங்கோ. பழைய ஜார் ஒன்றையும் எடுக்க வேண்டாம்.

பிரான்ஸில் இருக்கிறவர்களுக்கு உதவி இருக்கிறது. 2024 டிசம்பரில் அரசு "17சைபர்" என்ற சேவையைத் தொடங்கியது. இரவு பகல் எந்த நேரமும் திறந்திருக்கும். என்ன நடந்தது என்று சில கேள்வி கேட்டு, என்ன செய்வது என்று சொல்லும். தேவையென்றால் பொலிஸ் அல்லது ஜான்தார்மோடு எழுத்தில் கதைக்கவும் விடும். அடையாளப் பத்திரங்களின் பிரதி போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கோ. நாளைக்கு யாராவது அந்தப் பிரதியை வைத்து உங்கள் அப்பாவின் பெயரில் கடன் எடுத்தால், அந்தப் பேப்பர்தான் உங்களுக்குச் சாட்சி. நாங்களும் கொடுத்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து நான்தான் மொழிபெயர்த்தேன். "மொட்" என்பதை அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தத் தேவை வரவில்லை, அவருடைய மகனும் விளையாடுகிறானாம். அப்பாவுக்கு விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது.

கடைசியாக ஒன்று

எந்த மென்பொருளும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. கோப்பைத் திறந்தது வெள்ளி இரவு. மின்னஞ்சல் போனது ஞாயிறு. தம்பி சனிக்கிழமை காலையிலேயே சொல்லியிருந்தால் மின்னஞ்சலைக் காப்பாற்றியிருக்கலாம். அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயும் ஏசுவாய் எண்டு நினைச்சன்" என்றான். அப்பாவை விட அந்தப் பதில்தான் எனக்குக் குத்தியது.

ஆகவே உங்களுக்குத் தம்பி தங்கச்சி இருந்தால், மச்சான்மார் இருந்தால், இந்தச் சனி ஞாயிறு இரண்டு வேலை செய்யுங்கோ. அவர்களோடு பக்கத்தில் இருந்து தனிக் கணக்கைப் போட்டுக் கொடுங்கோ. போட்டுக்கொண்டே சொல்லுங்கோ: "பிழையா ஏதும் திறந்தால் உடனை எனக்குச் சொல்லு. ஏசமாட்டன்." சொன்னால் ஏசாமலும் இருங்கோ. அது கஷ்டம், எனக்கும் தெரியும்.

பெடியளின் லாச்சப்பல் தப்பிவிட்டது. பென்டிரைவில் ஒரு பழைய பிரதி இருந்தது. இரண்டு மாத வேலை போனது. மேம்பாலத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள். அப்பாவின் காட்டும் வந்துவிட்டது. இப்போது எங்கள் கணினியைத் திறந்தால் இரண்டு பெயர் தெரியும். ஒன்று "வீடு". மற்றது தம்பி வைத்த பெயர், "தேர்முட்டி". அப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "தேர் நிக்க வேண்டிய இடத்திலை நிண்டால் சரி" என்றார்.

அடுத்த கிழமை கடவுச்சொல் காப்பான்களைப் பற்றிக் கதைப்பம். வீட்டில் ஐந்து பேருக்கு எப்படி ஒன்றைப் போடுவது என்று கேட்டு எழுதியவர்களுக்கு அதில் பதில் சொல்கிறேன். அதுவரை, கோல் எடுத்துக் கேட்காமல் கோப்பைத் திறக்க வேண்டாம்.

வாறன்!